சொல்லாமல் கிளம்ப வேண்டிய வீடு

எங்கள் செவலைக் காளைக்குக் கோபம் வந்தால் எனக்குத் தெரியும். காது பின்னுக்குப் போகும், வால் ஒரு பக்கமாகச் சுண்டும், மூச்சு மாறும். அந்த நேரத்தில் கட்டுத்தரைப் பக்கம் தலைகாட்ட மாட்டேன். என் அம்மாவுக்குக் கோபம் வந்தால் மட்டும் எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு பாத்திரம் விழுந்து உருண்ட பிறகுதான் ஓகோ, கோபமா என்று புரியும். மனிதர்களுக்கும் ஒரு வால் இருந்திருந்தால் என் பன்னிரண்டாவது வயது அவ்வளவு சிரமமாக இருந்திருக்காது என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பிறவியிலேயே நான் இப்படி இல்லை. வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும்போதே, கல்யாணம் சொல்ல வந்திருக்கிறாரா, வம்புக்கு வந்திருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிற வாயாடியாகத்தான் இருந்தேன். பாலக்காட்டு எல்லையில் வடகரப்பதிப் பக்கம் எங்கள் தோட்டம். ஆபீஸ் காரியமெல்லாம் மலையாளத்தில், வீட்டுப் பேச்செல்லாம் கோயமுத்தூர்த் தமிழில். நிலக்கடலையும் சோளமும் கிணற்றடியில் கொஞ்சம் தக்காளியும் போட்டிருந்தோம். எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் எனக்குக் காலையில் எழுந்ததும் வாந்தி வர ஆரம்பித்தது. பின்னந்தலை வலித்தது. பித்தம் என்றார்கள். கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். வரப்பில் நேராக நடக்க முடியாமல் கடலைக்காட்டுக்குள் விழ ஆரம்பித்ததும் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓடினார். அங்கே பார்த்தவர் மதராசுக்கு அனுப்பினார்.

மதராசில் பெரிய ஆசுபத்திரி ஒன்றில் பின்மண்டையைத் திறந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். அது மறுபடி வளரக் கூடாது என்று பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்கள், அதைக் கரண்டு வைப்பது என்பார்கள். கரண்டு என்றால் ஷாக் அடிக்கும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் அடிக்கவில்லை. ஒரு பெரிய மெஷினுக்கு அடியில் ஆடாமல் அசையாமல் குப்புறப் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னந்தலையில் முடி கொட்டியது. கொஞ்ச இடத்தில் இன்றுவரை முளைக்கவில்லை. ஆபரேசன் முடிந்து கண் விழித்த பிறகு ரொம்ப நாள் எனக்குப் பேச்சே வரவில்லை. மற்றவர்கள் சொல்வது எல்லாம் கேட்கும், பதிலும் உள்ளே இருக்கும், வாய்க்கு வராது. அப்புறம் ஒரு நாள் "தண்ணி" என்றேன். அப்பா ஆசுபத்திரி வராந்தாவில் குலுங்கிக் குலுங்கி அழுதாராம்.

வார்டை விட்டுக் கிளம்பும்போது டாக்டரிடம், "போயிட்டு வாரேனுங்க" என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, "அப்படிச் சொல்லக் கூடாது. இங்கே திரும்பி வரவே கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிவிட்டுப் போனால் போதும்" என்றார். ஆசுபத்திரியில் அது ஒரு சட்டம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். வேறு எங்கும் அப்படி ஒரு சட்டம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த அதிசயத்தைக் கவனித்தேன். முகங்கள் எல்லாம் தெரிந்தன. மூக்கு, கண், வாய் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவை என்ன சொல்கின்றன என்பதுதான் எனக்கு எட்டவில்லை. பேச்சும் அப்படித்தான். ஒருவர் கேலி செய்தால் எல்லோரும் சிரித்து முடித்து அடுத்த விஷயத்துக்குப் போன பிறகு எனக்கு அது கேலி என்று புரியும். அப்போது நான் ஒருத்தி மட்டும் தனியாகச் சிரிப்பேன். "மூஞ்சி சுண்டிப் போச்சு பாரு" என்று யாராவது யாரையாவது சொன்னால், அந்த ஆள் முகம் எங்கே சுண்டியிருக்கிறது என்று கிட்டே போய்ப் பார்ப்பேன். அம்மா என் கையைப் பிடித்து இழுப்பாள்.

என் முகமும் எனக்கு வேலை செய்யவில்லை. ரசம் போன சுவர்க் கண்ணாடியின் முன்னால் நின்று சிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். கண்ணாடியில் இருப்பவளோ இப்போதுதான் தூங்கி எழுந்தவள் மாதிரி நிற்பாள். ஆகவே வாயால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வந்தவர்களிடம், "நீங்க வந்தது எனக்குச் சந்தோசமா இருக்குதுங்க" என்பேன். அவர்கள் அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா தரையைப் பார்ப்பாள்.

இதில் எனக்குத் துக்கம் இருந்ததா என்றால், அப்போது அவ்வளவாக இல்லை. ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. எரிச்சலும் இருந்தது, அது மற்றவர்களால் வந்தது. ஊரே என்னைக் கண்ணாடி வளையலைக் கையில் எடுப்பது போல எடுத்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னிடம் கேள்வியே கேட்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, முடி கொட்டிய இடத்தை மறைக்க நான் கட்டியிருந்த தலைத்துணியைப் பறித்துக்கொண்டு போனால், பார்க்காதது போல மொத்த வகுப்பும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஒரு பயலாவது கேலி செய்தானா? இல்லை. யாரும் திட்டாத, யாரும் அடிக்காத, யாரும் கேட்காத ஒரு பிள்ளையாக நான் ஆகிவிட்டேன்.

எல்லோரையும்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவளைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் பக்கத்துத் தோட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. ஒரே வயது, ஒரே வகுப்பு. அவள் அப்பாவை நான் மாமா என்பேன், அம்மாவை அத்தை என்பேன். நான் நோயில் விழும்வரை நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது. இலந்தைப் பழத்துக்குச் சண்டை, ஊஞ்சலுக்குச் சண்டை, பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டை. சுண்டு விரலைக் காட்டினால் 'கா', பேச்சு அறுந்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினால் 'பழம்', திரும்பவும் சேர்த்தி. காலையில் கா, மத்தியானம் பழம், சாயங்காலம் மறுபடி கா என்று போய்க்கொண்டிருக்கும்.

நான் மதராசிலிருந்து வந்ததும் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். தன் காலைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கறியா கண்ணு?" என்றாள். கண்ணாம்! என்னை 'ஏ புள்ள' என்றும் 'வாடி போடி' என்றும் கூப்பிட்டவள்! அந்தப் பிள்ளையின் மனசு நோகக் கூடாது என்று அவள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அஞ்சாங்கல் ஆடும்போது என் கை நடுங்கிக் கற்கள் சிதறும். "பரவால்ல கண்ணு, நீயே ஆடு" என்பாள். ஒரு நாள் கற்களை அள்ளிக் கிணற்றில் எறிந்தேன். கோபித்துக்கொள்வாள் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவளோ, எனக்குத் தலைவலி வந்துவிட்டது என்று அம்மாவைக் கூப்பிட ஓடினாள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் என்னோடு ஒரு தடவையாவது சண்டை போட வேண்டும். அது நடக்காதவரை என் சிநேகிதி எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முகங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவே கண்கொத்திப் பாம்பாக எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கடையில், கோயிலில், எங்கே போனாலும் அதே வேலை. அப்பா அந்தக் காலத்தில் என்னை விட்டு நகர மாட்டார், பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கே ஒரு முறை கூட்டிக்கொண்டு போனார். பெண்பிள்ளையை மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போவார்களா என்று அம்மா சத்தம் போட்டாள். எனக்கோ அது பள்ளிக்கூடத்தை விடப் பெரிய பள்ளிக்கூடமாக இருந்தது. அப்பாவும் ஒரு தரகரும் கைகளைத் துண்டுக்கு அடியில் விட்டுக்கொண்டு விரலைப் பிடித்துப் பிடித்துப் பேரம் பேசினார்கள். வாயில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பேர் முகத்திலும் ஒன்றுமே இல்லை. என் முகத்தைப் போலவே இருந்தன. வரும் வழியில் கேட்டேன்.

"ஏனுங்கப்பா, மூஞ்சிய ஏன் அப்பிடி வெச்சுக்கிட்டீங்க?"

"மூஞ்சில தெரிஞ்சு போச்சுன்னா பேரம் போச்சு கண்ணு."

முகத்தை வேண்டுமென்றே மறைப்பார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. அப்படியானால் சும்மா இருக்கிற முகத்துக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது ஒவ்வொருவரையும் பார்த்து யோசித்துக்கொண்டே வந்தேன்.

அம்மா வேறு வழியைப் பிடித்தாள். முகம் புரியாவிட்டால் போகட்டும், பழக்கம் தெரிந்தால் போதும் என்று, யார் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுத்தாள். புழக்கடை வழியாகப் போய்ச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து நிற்பாள். "இப்ப நாந்தான் வேலந்தாவளத்துப் பெரியம்மா" என்பாள். நான் "வாங்க" என்று சொல்ல வேண்டும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வேண்டும். பிறகு நான் விருந்தாளி, அவள் வீட்டுக்காரி. கிளம்பும்போது யாரிடமும் சொல்லாமல் கிளம்பக் கூடாது. பெரியவர்கள் ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நின்று, "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்ல வேண்டும். அதை நான் பிடித்துக்கொண்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டுத்தான் வருவேன். எவ்வளவு மரியாதை பாரு இந்தப் புள்ளைக்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் தலைகால் புரியாத பெருமை.

அந்தச் சமயத்தில்தான் என் சிநேகிதியின் அப்பாரு, அதாவது அவள் அப்பாவின் அப்பா, இறந்துபோனார். வயதானவர், படுக்கையில் கிடந்து போனார். அதை விட அந்த வீட்டில் பெரிய கவலை மாமாவைப் பற்றி இருந்தது. அவருக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சளாகி, கஞ்சி இறங்காமல், முன்கூடமான ஆசாரத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பெற்றவருக்குக் கொள்ளி வைக்கக்கூட இரண்டு பேர் தாங்கிப் பிடித்துத்தான் கொண்டுபோனார்கள்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அப்பாரு எனக்கு இலந்தைப் பழம் உலுக்கிக் கொடுத்ததெல்லாம் ஞாபகம் வந்தது. உள்ளே அழுகையாக வந்தது. சாயங்காலம் கிளம்பலாம் என்று அம்மா எழுந்தாள். எழுந்தவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைப் பார்த்து நடந்தாள். எனக்குத் திக்கென்றது. அழுததில் அம்மா மறந்துவிட்டாள், நாமாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அத்தைக்கு நேராக நின்று, "போயிட்டு வாரேனுங்க அத்தை" என்றேன். அப்புறம் மாமாவின் கட்டில் பக்கத்தில் போய், "போயிட்டு வாரேனுங்க மாமா" என்றேன். எனக்குக் குரலை அளந்து பேச வராது. வாசல் பந்தல்வரை கேட்டிருக்கும்.

அழுகை நின்றுவிட்டது. மாமா மட்டும், பழக்க தோசத்தில் போலிருக்கிறது, "சரி கண்ணு, வா" என்றார். யாரோ ஒரு அம்மாள், "அதுக்கென்ன தெரியும், தலை ஆபரேசன் பண்ணுன புள்ள, உடுங்க" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

எங்கள் வீட்டுக்குப் போகிற இட்டேரியில், இருபுறமும் கிளுவை வேலி போட்ட அந்த வண்டித்தடத்தில், பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. அவள்தான். மூச்சிரைக்க வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏண்டி அப்பிடிச் சொன்னே?"

"எப்பிடி?"

"போயிட்டு வாரேன்னு சொன்னீல்ல! எழவூட்டுல ஆராச்சும் அப்பிடிச் சொல்லுவாங்களா? மறுக்கா எதுக்குடி எங்கூட்டுக்கு வருவே? எதுக்கு வருவே? அதும் எங்கப்பங்கிட்டப் போயி!"

"சாமி, அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தலைல..." என்று அம்மா நடுவில் வந்தாள்.

"தலைல என்ன? வாயி நல்லாத்தான இருக்குது!" என்று கத்தினாள் அவள். என்னைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். நான் வேலியில் போய்ச் சாய்ந்தேன். சுண்டு விரலை என் மூக்குக்கு நேராக நீட்டி, "கா! இனி உம் பேச்சே கா!" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

நான் அப்படியே நின்றேன். அவள் புருவம் இறங்கியிருந்தது, மூக்கு விடைத்திருந்தது, மூச்சு வேகமாக இருந்தது. எங்கள் செவலையேதான். ஆபரேசனுக்குப் பிறகு யாரும் சொல்லித்தராமல் நான் படித்த முதல் முகம் அது. அதுவும் அவள் முகம்! இரண்டு வருஷமாக நான் காத்திருந்த சண்டை!

"அம்மா, அவளுக்கு எம்மேல கோவம்மா!"

"ஆமா சாமி, உடு."

"நெசமான கோவம்மா! எனக்குச் சந்தோசமா இருக்குதும்மா!"

அம்மா இட்டேரியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். என் மூளைக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் தேறியதும் விஷயத்தைச் சொன்னாள். இழவு வீட்டில் போகும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. வாயைத் திறக்காமல் வந்துவிட வேண்டும். வருகிறேன் என்று சொன்னால், அங்கே இன்னொரு இழவு விழும், அதற்கு வருகிறேன் என்று அர்த்தம். இதைக் கேட்டதும் வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தேன். மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று அல்லவா சொல்லிவிட்டு வந்தேன்!

"இத ஏம்மா எனக்குச் சொல்லித்தரல? எல்லாத்தையும் சொல்லித்தந்தீல்ல?"

அம்மா என் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். "உன்னய வெச்சுக்கிட்டு எழவூட்டுப் பழக்கத்த நான் எப்பிடிச் சொல்லித்தருவேன் சாமி? அந்தப் பேச்ச எடுக்கவே எனக்கு வாயி வரல" என்றாள். அன்று அம்மாவின் முகத்தை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். இரண்டு வருஷமாக அங்கே இருந்தது, நான் போய்விடுவேனோ என்ற இந்த எண்ணம்தான் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

சண்டை கிடைத்த சந்தோசம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. முன்பெல்லாம் காலையில் விட்ட கா மத்தியானம் பழுத்துவிடும். இந்தக் கா அப்படியே நின்றது. வகுப்பில் அவள் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். கருமாதியும் முடிந்தது. மாமா எழவில்லை. கொழிஞ்சாம்பாறை டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் எனக்கு ஆயுசுக்கும் இல்லை. வேலி ஓரத்தில் நின்று அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். புகை வந்தால் சமையல் நடக்கிறது, நல்லபடியாக இருக்கிறார்கள் என்று மூச்சு விடுவேன். எனக்குப் பயமாக இருந்தது. முகத்தில் அது தெரியாததால் யாரும் தைரியம் சொல்லவும் இல்லை.

கடைசியில் ஒரு நாள் சோற்று நேரத்தில், பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் தூக்குப்போசியோடு தனியாக உட்கார்ந்திருந்தவளிடம் போனேன்.

"உனக்கு இன்னும் எம்மேல கோவமா?"

கா விட்டவர்கள் நேருக்கு நேர் பேசக் கூடாது. யாராவது நடுவில் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் சுவரோ மரமோ போதும். அவள் மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"புளியமரமே, எனக்குக் கோவமெல்லாம் இல்லேன்னு அவகிட்டச் சொல்லு."

"அப்பறம் அன்னைக்கு இட்டேரில அந்த மூஞ்சி?"

"அது கோவமில்ல மரமே. பயம்."

அவ்வளவு நிச்சயமாகப் படித்த முகத்தைத் தப்பாகப் படித்திருக்கிறேன்! "பயமா? பொருவம் எறங்குச்சு, மூக்கு வெடச்சுச்சு, அது கோவந்தான?" என்று விடாமல் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் கண்ணாடிய வெச்சுக்கிட்டா பயந்தேன்?" என்று மரத்திடம் எரிந்து விழுந்தாள். "இவ மட்டும் என்னவாம்? எல்லாரும் அழுகறாங்க, இவ மூஞ்சில ஒண்ணுமே இல்ல. கல்லாட்டம் ஒக்காந்திருந்தா. எங்கப்பாரு இவளுக்கு எத்தன எலந்தப்பழம் உலுக்கிக் குடுத்திருப்பாரு?"

"மூஞ்சிக்கு வரமாட்டீங்குது புள்ள. உள்ள அழுதுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் மரத்தை மறந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நெசமா?"

"நெசமா."

"அதச் சொல்றதுக்கென்ன?"

"நீயும் பயம்னு சொல்லலியே. எங்கம்மாகூடக் கோவம்னுதான் நெனச்சா."

ஆபரேசன் ஆகாத என் அம்மாவுக்கும் அந்த முகம் தெரியவில்லை. ஆபரேசன் ஆகாத இவளுக்கும் என்னைத் தெரியவில்லை. அப்படியானால் எல்லோருமே குத்துமதிப்பாகத்தான் பார்த்துக்கொண்டு திரிகிறார்களா என்று எனக்கு ஒரே வியப்பு. பிறகு ஆசுபத்திரி ஞாபகம் வந்தது.

"நான் மதராசுல டாக்டருகிட்டயும் போயிட்டு வாரேன்னுதான் சொன்னேன். அவரும் சொல்லக் கூடாதுன்னாரு. வருசா வருசம் போயிட்டுத்தான் வாரேன். செத்தா போயிட்டேன்?"

அவள் யோசித்தாள். "அப்ப வாரேன்னு சொன்ன எடத்துக்குச் சும்மா ஒருக்கா வந்துட்டுப் போயிட்டா, அந்தச் சொல்லு தீந்துருமா?"

"தீந்துரும்னுதான் நெனைக்கறேன்."

"எங்கப்பன் வேற தெனமும் கேக்கறாரு. வாரேன்னு சொன்ன புள்ள ஏன் இன்னும் வரலேன்னு." சொல்லிவிட்டு அவள் தோள் குலுங்கியது. குனிந்து முகத்தைப் பார்த்தேன். பல் தெரிந்தது, கண்ணிலும் தண்ணீர் இருந்தது.

"இது சிரிப்பா, அழுகையா?"

"எனக்கே தெரியலடி, உடு" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டு விரலை நீட்டினாள். பழம்.

அன்றைக்கே பள்ளிக்கூடம் விட்டதும் அவளோடு போனேன். மாமா அதே கட்டிலில் இருந்தார், இன்னும் இளைத்திருந்தார். "வந்துட்டேனுங்க மாமா" என்றேன். அத்தை அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தையின் முகம் என்ன சொல்கிறது என்று நான் சிநேகிதியின் காதில் கேட்டேன். "எங்கம்மாளுக்கும் பயம்" என்று என் காதில் சொன்னாள். உடைத்துப் பேசிவிடுவது நல்லது என்று பட்டது. "அப்பாரு போனது எனக்கு ரொம்ப வருத்தமுங்க மாமா. என் மூஞ்சில தெரியாதுங்க, அதனால சொல்றேனுங்க" என்றேன். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவளைப் பார்த்தேன். "அழுகறாரு" என்றாள் மெதுவாக.

அதிலிருந்து அது எங்களுக்குள் பழக்கமாகிவிட்டது. கூட்டத்தில் நான் அவள் கையை அமுக்குவேன். அவள், "கேலி பண்றாங்க, சிரி" என்பாள், "இது நெசம், சிரிக்காத" என்பாள். அவளுக்குக் கோபம் வந்தால், "இப்பக் கோவம்" என்று சொல்லிவிட்டுக் கோபித்துக்கொள்வாள். இப்போதெல்லாம் என்னைப் போல் பிழைத்து வருகிற பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு பழகச் சொல்லித்தர ஆசுபத்திரியிலேயே ஆள் இருக்கிறார்களாம். எனக்கு அவள் இருந்தாள். அவள் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது மாமாவின் முகத்தைப் பார்த்து, சிரிப்பா அழுகையா என்று நான் கையை அமுக்க, மணவறையில் உட்கார்ந்துகொண்டே, "ரண்டும்" என்று சொன்னாள். ஆம், மாமா எழுந்து நடமாடி, அவள் கல்யாணத்துக்குப் பந்தியும் விசாரித்தார்.

ஆனால் அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது. கிளம்பும் நேரம் வந்ததும் கட்டில் பக்கத்திலேயே நின்றேன். சொல்ல வேண்டுமா, கூடாதா? அம்மாவின் வாய்ப்பாட்டில் இதற்கு ஒன்றும் இல்லை. அத்தையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் வாசலைப் பார்த்து நடந்தேன்.

"ஏங் கண்ணு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. மாமா முழங்கையை ஊன்றி எழப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லிக்காமப் போறே? இது என்ன எழவூடா?"

அத்தை நிலையை விட்டுக் கையை எடுத்தாள். நான் திரும்பி வந்து, கட்டிலுக்கு நேராக நின்று, எனக்கு வருகிற ஒரே குரலில், ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்.

"போயிட்டு வாரேனுங்க மாமா!"

"வா கண்ணு."

"நாளைக்கே வரோணும்டி" என்றாள் அவள், என் பின்னாலேயே வாசல்வரை வந்து. "வரலேன்னா கா."